தம்புசாமி முதலாளி ஆனார்

செந்தூல் பிளாட்டின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே, தொண்ணூற்று நாலாம் வருஷம் மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தம்புசாமி முதலாளி ஆனார். அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பிறகு நாலு வருஷம் எதுவுமாக இல்லாமல் இருந்தவர்.

நாலு வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து கை கழுவப் போன இடத்தில் விழுந்தார். கண் விழித்தபோது வலது கையும் வலது காலும் அவருடையவையாக இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. வலது பக்கம் மரத்துப் போனதைப் பார்த்து மனசும் மெல்ல அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டது. கோபம் வருவதில்லை, அழுகை வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாட்டில் துணி காயும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மனைவி மாரியாயி ஒரு சீனப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, பேசின் வைத்து எடுப்பது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள்தான். அவர் எழுபத்திரண்டு கிலோ. அவள் நாற்பத்தாறு. இடுப்பு போய்க்கொண்டிருந்தது. ஆகவே பராமரிப்பு வாரியம் என்று ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டதும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறிப் போய் போராங் என்ற விண்ணப்பத் தாளை வாங்கி, பக்கத்து வீட்டு நல்லம்மாளை வைத்து எழுதிப் போட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும்.

ஆளுக்குப் பதிலாக சிவகுருநாதன் வந்தார். வாரியத்தின் கள அதிகாரி. வெள்ளைச் சட்டை, டை, கையில் கனத்த தோல்பை. இரண்டு மாடி ஏறிய மூச்சு அடங்கியதும் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மிஸ்டர் தம்புசாமி, இண்டையில இருந்து நீங்கள் நோயாளி இல்லை," என்றார்.

மாரியாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவரிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

"நீங்கள் முதலாளி. பழைய முறை என்ன? அரசாங்கம் ஒரு ஆளை அனுப்பும், அந்த ஆள் வந்து உங்களைத் தூக்கும். அது அடிமைத்தனம். இது புது முறை. சுயநிர்வாகப் பராமரிப்பு. உங்களைத் தூக்குற ஆளை நீங்களே தேடலாம், நீங்களே வேலைக்கு வைக்கலாம், சரியில்லை எண்டால் நீங்களே நிப்பாட்டலாம். சம்பளம் மட்டும் எங்கட பொறுப்பு. விளங்குதா?"

"முன்னாடி ஆள் அனுப்பிக்கிட்டு இருந்தீங்களா சார்?" என்று மாரியாயி கேட்டாள். "எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

"அனுப்பினதில்லை. அனுப்பியிருந்தால் அடிமைத்தனம் ஆகியிருக்கும்."

பதினான்கு இடத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. தம்புசாமி இடது கையால் போட்டார். பதினான்கும் பதினான்கு மாதிரி வந்தன. சிவகுருநாதன் பொறுமையாக அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, எது அசல் என்று கேட்டார்.

முதலாளி ஆனவர்கள் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது. இடம், பிரிக்பீல்ட்ஸில் வாரியத்தின் அலுவலகம், மூன்றாம் மாடி. பயிற்சியின் தலைப்பு 'தடைகளைத் தாண்டுவோம்'. நல்லம்மாளின் புருஷன் பக்கிரிசாமி லோரி ஓட்டுகிறவர். அவரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் தம்புசாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கி லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே லிப்டின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. லிப்ட் பழுது, படியைப் பயன்படுத்தவும்.

"இன்னும் மூணு மாடி தூக்கணும்லா," என்றார் பக்கிரிசாமி, காகிதத்தைப் படித்துவிட்டு.

படியில் இவர்களுக்கு முன்னால் பந்திங் ஊரிலிருந்து வந்த கன்னையா ஏறிக்கொண்டிருந்தார். எஸ்டேட் டிராக்டர் விபத்தில் இரண்டு காலையும் முட்டிக்கு மேலே இழந்தவர். உள்ளங்கையைப் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் வைத்து, ஊன்றி, தூக்கி, வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க முன்னால போங்கண்ணே, எனக்கு நேரமாகும்," என்று ஒதுங்கி வழிவிட்டார். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். தூக்க ஆள் இல்லாதவர்கள். பத்து மணிக்கு ஒரு குமாஸ்தா இறங்கி வந்து அவர்கள் பெயருக்கு நேரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதிக்கொண்டு மேலே போனார்.

வாரியத்தின் இயக்குநர் ராதாகிருஷ்ணன் தொடக்க உரை ஆற்றினார். இந்த முறையைப் பார்த்து வருவதற்காக மூன்று வாரம் குளிர் நாடுகளில் இருந்துவிட்டு வந்திருந்தார். இன்னும் மப்ளர் சுற்றியிருந்தார்.

"அங்க ஒரு அம்மாவைப் பாத்தேன்," என்றார். "எண்பது வயசு. கை வராது, கால் வராது, கழுத்தும் நிக்காது. ஆனா அவங்க முகத்துல இருந்த நிர்வாகத் திறமையைப் பாக்கணுமே. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், நம்ம ஜனங்களுக்கும் இந்த முகம் வேணும். நாங்க உங்களுக்கு எதுவும் செய்யப் போறதில்லை. அதுதான் இந்தத் திட்டத்தோட உயிர்நாடி. எதுவும் செய்யாம இருக்கறது லேசுன்னு வெளிய இருக்கறவங்க நினைக்கிறாங்க. அதுக்கு இப்ப நாற்பத்திரண்டு ஸ்டாஃப் ராப்பகலா உழைக்கிறாங்க. போதலை. இன்னும் எட்டுப் பேர் கேட்டிருக்கோம்."

கை தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். கன்னையாவின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று நாளும் தம்புசாமி உட்கார்ந்தே இருந்ததில் பின்புறம் சிவந்து போயிற்று. அவருக்கு அங்கே உணர்ச்சி குறைவு என்பதால் மாரியாயி பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஆள் தேடும் படலம். சூப்பர்மார்க்கெட் அறிவிப்புப் பலகையில் நல்லம்மாள் ஒரு காகிதம் ஒட்டினாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தம்புசாமியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். இன்னொருவர் நல்ல மனிதர், தூக்கிப் பார்த்தார், ஆனால் அவருக்கே எழுபது வயசு. பிறகு யாரும் வரவில்லை.

ஆள் கிடைக்காவிட்டால் குடும்பத்தில் ஒருவரை வேலைக்கு வைக்க விதி இடம் தருவதாக சிவகுருநாதன் சொன்னார். மாரியாயிக்கு நிம்மதியாக இருந்தது. செய்கிற வேலைக்குச் சம்பளம் வந்தால், அதை வைத்துத் தூக்க மட்டும் ஓர் ஆளைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் பாரபட்சம் இருக்கக் கூடாது. முறையாக நேர்முகம் நடத்த வேண்டும், பார்வையாளராக நான் உட்காருவேன் என்றார் அதிகாரி.

மாரியாயி வேலைக்கு விண்ணப்பித்தாள். குறித்த நாளில் சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்று, கதவைத் தட்டினாள்.

"கூப்பிடுங்கள்," என்றார் சிவகுருநாதன்.

"உள்ள வாங்க," என்றார் தம்புசாமி.

அவள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தம்புசாமியின் நெஞ்சின்மேல் கேள்வித்தாளை அதிகாரி விரித்து வைத்திருந்தார்.

"பேரு என்ன?"

"மாரியாயி."

"முன் அனுபவம் இருக்கா?"

"நாலு வருஷம்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

சிவகுருநாதன் குறுக்கிட்டார். வேலைக்கு வைக்கிறவரே அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது, ஆகவே அனுபவம் இல்லை என்று போடுங்கள் என்றார். தம்புசாமி போட்டார்.

"உங்க பலம் என்ன?"

"தெரியலைங்க."

"பலவீனம்?"

"இடுப்பு."

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எந்த எடத்துல பாக்குறீங்க?"

மாரியாயி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், பேசின், ஜன்னல், சுவரில் மளிகைக் கடைக் காலண்டர். "இங்கதான்," என்றாள்.

"லட்சியம் குறைவு," என்று அதிகாரி தன் தாளில் எழுதிக்கொண்டார்.

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் இவளிடம் இத்தனை கேள்வி சேர்த்துக் கேட்டதில்லையே என்று தம்புசாமிக்குத் தோன்றியது. தோன்றியது அப்படியே போயும் விட்டது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று போட்டார். அதற்கு மேல் போட்டால் விசாரணை வரும் என்று சிவகுருநாதன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இப்படியாக மாரியாயிக்கு வேலை கிடைத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. தினம் செய்கிறதையெல்லாம் ஒரு தாளில் குறிக்க வேண்டும். தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று வேலை, மற்றது பாசம். பாசத்துக்கு அரசாங்கம் சம்பளம் தராது. அது குடும்பத்தின் சொந்தப் பொறுப்பு.

ஜூன் மாதம் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சிவகுருநாதன் வந்தார். மாரியாயி புருஷனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி ஆறு," என்றார் அவர். "இது வேலையா, பாசமா?"

"திருப்பிப் போடுறேன் சார். ஒரே பக்கம் படுத்தா முதுகு வெந்துபோயிடும்."

"புண் வராமல் தடுக்கிறது வேலை. ஐந்து மணிக்குப் பிறகு வேலை வாங்கினால் முதலாளி மேல கேஸ் வரும்."

"அப்ப பாசம்னு போட்டுக்குங்க."

"பாசத்துல தூக்கக் கூடாது, அம்மா." தோல்பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். "தலையைத் தடவலாம். போர்வை போர்த்தலாம். ஆறுதல் சொல்லலாம். பத்துக் கிலோவுக்கு மேல தூக்குறது பாசத்துல சேராது."

மாரியாயி பாதி புரட்டிய நிலையிலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "காலை மட்டும் தனியாத் தூக்குனா?" என்றாள்.

சிவகுருநாதன் சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். "அதை மேலிடத்துல கேட்டுச் சொல்லுறன்."

மேலிடம் பதில் அனுப்பவே இல்லை. அதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. சம்பளமும் முதல் இரண்டு மாதம்தான் ஒழுங்காக வந்தது. பிறகு தாள்களில் வேலைக் கட்டத்திலும் பாசக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து இருப்பதாகச் சொல்லி நிறுத்தி வைத்தார்கள். எழுதியது தம்புசாமியின் இடது கை. மாரியாயிக்கு எழுத வராது. தூக்குவதற்கு ஆள் பிடிக்கும் யோசனை அதோடு நின்றது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்குக் குளியலறையில் சத்தம் கேட்டது. முதலில் பேசின் விழுந்து உருண்ட சத்தம். பிறகு கனமாக ஒன்று.

"மாரி," என்று கூப்பிட்டார் தம்புசாமி.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் மூன்று தரம் கூப்பிட்டார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உடம்பு ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. கை எட்டிய இடத்தில் தண்ணீர்க் குவளை இருந்தது. அதை எடுத்துச் சுவரில் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் வீடு. எத்தனை தரம் தட்டினார் என்று அவருக்குத் தெரியாது. நல்லம்மாள் வந்து சேர்ந்தபோது குவளை நசுங்கிக் கிடந்தது. அவர் முகத்தில் எதுவும் இல்லை.

மாரியாயிக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. முதுகெலும்பிலும் விரிசல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலையே சிவகுருநாதன் விசாரணைக்கு வந்துவிட்டார். வேலை நேரத்தில், வேலையிடத்தில் நடந்த விபத்து.

"சத்தம் கேட்டதும் முதலாளி சம்பவ இடத்துக்கு ஏன் போகேல்லை?"

"எந்திரிக்க முடியலை சார்."

"முதலுதவிப் பெட்டி எங்க வச்சிருந்தீங்கள்?"

"இல்ல சார்."

"வழுக்கும் தரை என்று எச்சரிக்கைப் பலகை?"

தம்புசாமி ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி எழுதினார். ஒரு வாரம் கழித்து, தொழிலாளியின் பாதுகாப்பில் அலட்சியம் காட்டிய முதலாளி தம்புசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நல்லம்மாள் அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, கஞ்சியை ஆற்றி ஊட்டினாள்.

"சாப்பிடுங்கலா அண்ணே. அவனுங்க கெடக்குறானுங்க."

அந்த ஆறு வாரமும் அவரைப் பார்த்துக்கொண்டது நல்லம்மாளும் பக்கிரிசாமியும்தான். லோரி எடுக்கும் முன் பக்கிரிசாமி வந்து தூக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். மத்தியானமும் சாயங்காலமும் நல்லம்மாள். ஆனால் தாளில் அண்டை வீட்டுக்காரருக்குக் கட்டம் இல்லை. ஆகவே செப்டம்பர் மாதத் தாள் வெறுமையாகப் போயிற்று. வேலை, பூஜ்யம். பாசம், பூஜ்யம்.

வாரியத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். முப்பது நாள் யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவர் வாழ்ந்திருக்கிறார் என்று அது கண்டுபிடித்தது. நாட்டிலேயே முதன்முறையாகப் பூரண சுயநிர்வாகம் அடைந்தவர் செந்தூல் தம்புசாமி.

இயக்குநர் ராதாகிருஷ்ணன் நேரில் வந்தார். கூடவே போட்டோக்காரர், இரண்டு குமாஸ்தாக்கள், பின்னால் சிவகுருநாதன். அறை நிறைந்துவிட்டது. முற்பகல் நேரம். காலையில் பக்கிரிசாமி வைத்துவிட்டுப் போன தலையணை நழுவி, தம்புசாமி கட்டிலில் கோணலாகக் கிடந்தார். கழுத்து மடங்கியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை இயக்குநர் அவர் வயிற்றின்மேல் வைத்தார்.

"ஆறு மாசத்துக்கு முந்தி இவரு யாரு?" என்றார் போட்டோக்காரரிடம். "ஒரு பொண்டாட்டியை நம்பி இருந்தவரு. இன்னைக்கு யாரையும் நம்பல. பொண்டாட்டி கூட வீட்டுல இல்ல. இதைத்தான் நான் அங்க பாத்தேன். இனிமே இவருக்குத் திட்டம் தேவையில்ல. இந்த மாசத்தோட பெயரை எடுத்துடலாம். ஒரு ஆள் கொறஞ்சாலே எங்களுக்கு ஒரு வெற்றி. எல்லாரையும் இப்படிக் கொறச்சுட்டா அதுதான் முழு வெற்றி."

தம்புசாமிக்கு மூச்சு முட்டியது. "சார்," என்றார். "கொஞ்சம் தூக்கி உக்கார வையுங்க."

குமாஸ்தாக்கள் இருவரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் இயக்குநர் குரல் நெகிழ்ந்து. "எவ்வளவு தெளிவா உத்தரவு போடுறாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள்.

சிவகுருநாதன் மட்டும் ஒரு கையெழுத்துக்காகப் பின்தங்கினார். பேனாவை நீட்டினார். தம்புசாமியின் கை மேலே வரவில்லை, உடம்பு அதன்மேல் சரிந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்தார். வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, தூக்கத் தெரியாதவர் தூக்குவது போல, இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தார். டை முன்னால் தொங்கித் தம்புசாமியின் முகத்தில் விழுந்தது.

"இடது கையை முதுகுக்கு அடியில குடுங்க சார். இப்பத் தூக்குங்க," என்றார் தம்புசாமி.

இரண்டாம் தரத்தில் உட்கார வைத்துவிட்டார். தலையணையைச் சரி செய்தார். வேர்த்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து வாங்கவில்லை.

மாரியாயி வீடு திரும்பியது அக்டோபர் இரண்டாம் வாரம். வலது கையில் மாவுக்கட்டு. இடுப்பைச் சுற்றிப் பட்டை. பக்கிரிசாமி பிடித்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷனைப் பார்த்தாள். சவரம் செய்து பத்து நாளாகியிருக்கும். வயிற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் கிடந்தது. இது என்ன என்று கேட்டாள்.

"குடுத்தாங்க," என்றார்.

அவள் அதை இடது கையால் ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். எதிர் பிளாட்டில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மாள் சோறும் மீன் குழம்பும் ஒரே தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். மாரியாயிக்கு இடது கையால் பிசைய வரவில்லை. தட்டு நழுவிக்கொண்டே போனது. தம்புசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையை நீட்டித் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தட்டு நின்றது. அவள் பிசைந்து தனக்கு ஒரு வாய் எடுத்தாள், ஒரு வாய் அவருக்குக் கொடுத்தாள். பாதி போர்வையில் சிந்தியது. இருவராலும் போர்வையை எடுக்க முடியாததால், சிந்தியது மறுநாள் நல்லம்மாள் வந்து உதறும்வரை அங்கேயே கிடந்து காய்ந்தது.